சாம்பிள் பை

"அய்யம்மா, பையில இருந்த ஏலக்காய் எங்க?"

மாரீஸ்வரன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு போட்ட அதட்டலில், போடி ஏலக்காய் வியாபாரிகள் வண்டி நிறுத்தும் காலி மனையே திரும்பிப் பார்த்தது.

அரைக் கிலோ சாம்பிள். எட்டு மில்லிமீட்டர் பருமன் காய், பச்சைப் பசேல் என்று இருக்கும். மூன்று மணிக்கு மதுரைப் பார்ட்டியிடம் காட்ட வேண்டியது. வெயிலுக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முன் சீட்டில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மணிக்கு வந்து பார்த்தால் பை பாதியாகிக் கிடக்கிறது.

"நான் எடுக்கலண்ணே" என்றாள் அய்யம்மாள். டோக்கன் கொடுத்து வண்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

"நீ எடுக்கலன்னா காய்க்குக் கால் முளைச்சு போடிமெட்டுக்கு நடந்து போயிருச்சா?"

சும்மா சொல்லக் கூடாது, அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. போன மாதம்தான் எவனோ இரண்டு கார்களின் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம்தான் வியாபாரிகள் கூடி 'வண்டிக் காவல்' என்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு கேமரா வாங்கி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார்கள். வெளியே ஒரு கண், உள்ளே ஒரு கண். சந்தேகமாக எது பட்டாலும் அந்த நிமிஷமே குரூப்பில் போட வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தவரே மாரீஸ்வரன்தான். அப்புறம் சும்மா இருப்பாரா? நின்ற இடத்திலேயே வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

"வண்டியில களவு. காவலுக்கு நிக்கிறவ கண்ணு முன்னாடியே களவு. எல்லாரும் வெரசா வாங்க."

வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கைகூடக் கழுவாமல் வந்தார்கள். குரூப் தலைவர் முத்துக்கண்ணன் எல்லாருக்கும் முந்தி வந்தார்.

"இவள இன்னைக்கே நிப்பாட்டணும். கேமராவப் போடுங்க மாரி, கையும் களவுமாப் பிடிப்போம்."

அய்யம்மாளுக்கு முகம் செத்துப்போனது. இந்த வேலை போனால் மறுபடியும் விடியக்காலை ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலை எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். அவள் முழங்காலுக்கு அது ஆகாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

ஆனாலும் அவள் சொன்னது இதுதான்.

"கேமராவ மட்டும் போட வேணாம்ணே. நான் டோக்கன் புக்கக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

"பாத்தீகளா, பயம் வந்துருச்சு" என்றார் மாரீஸ்வரன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

படம் ஓடியது. ஒரு போனுக்கு மேலே பதினைந்து தலைகள் கவிழ்ந்தன.

பதினொன்று பத்து. கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு கை நுழைந்து, ஒரு பிடி காயை அள்ளியது. ஒன்றை வாயில் போட்டு மென்றபடி மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்த முகம், முத்துக்கண்ணனுடையது. அவருக்குப் பின்னால் டோக்கன் புக்கோடு அய்யம்மாள் நின்றது தெரிந்தது.

"ரகம் பாத்தேன்யா" என்றார் முத்துக்கண்ணன். "காயைப் பாத்தா கை சும்மா இருக்குமா?"

பதினொன்றே கால். குரூப் செயலாளர்.

"தலைவர் பாத்தாரேன்னு நானும் பாத்தேன்."

பதினொன்றரை. பொருளாளர். அவர் இரண்டு பிடி.

"ஒண்ணு ரகம் பாக்க. இன்னொண்ணு வீட்ல பாயாசம்னாங்க."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. போடியில் பிரித்து வைத்த காயைப் பார்த்துவிட்டுக் கையை விடாத ஆள் கிடையாது. ஒன்றைக் கடித்துப் பார்ப்பது தொழில், மிச்சம் பைக்குள் போவது வழக்கம். அதைக் களவு என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

மாரீஸ்வரன் சொன்னார்.

"என்னய்யா சிரிப்பு? அடுத்தவன் வண்டியில கேக்காமக் கைய விட்டா அதுக்குப் பேரு களவுதான். எவனா இருந்தாலும் குரூப்ப விட்டுத் தூக்கணும். இவளும் பாத்துக்கிட்டே நின்னிருக்கா, ஒரு வார்த்தை சொல்லல. கூட்டுக் களவாணி. இவளையும் அனுப்பணும்."

சிரிப்பு நின்றுபோனது. அய்யம்மாள் டோக்கன் புக்கை எடுத்து அவர் கார் மேலே வைத்தாள்.

பக்கத்துக் கார்க்காரன் ராஜ்கமல் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, என் வண்டியிலயும் சாம்பிள் கொறையுது. என் கேமராவையும் பாத்துருவமா?"

"போடு மாப்ளே. ஒருத்தனையும் விடக் கூடாது."

போட்டான். காலை ஒன்பதே முக்கால். கை நுழைந்தது. முகமும் தெரிந்தது. படத்தில் மாரீஸ்வரன் ஒரு காயை நிதானமாக மென்று, கண்ணை மூடி ருசி பார்த்து, மிச்சத்தை வேட்டி மடியில் முடிந்துகொள்வதை, வெளியே நின்ற மாரீஸ்வரன் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"அது வந்து... ரகம்..." என்று இழுத்தார்.

படம் இன்னும் முடியவில்லை. தெருவில் போன யாரோ ஒரு வெளியூர்க்காரர் அதட்டுவது கேட்டது.

"ஏம்மா, எவனோ ஒரு களவாணி காருக்குள்ள கைய விடுறான், நீ பாத்துக்கிட்டு நிக்கிற?"

அடுத்துக் கேட்டது அய்யம்மாளின் குரல்.

"அவரு எங்க மாரி அண்ணேங்க. அவரப் போயிக் களவாணின்னு சொன்னா நாக்கு அழுகிரும்."