ஏழாம் நம்பர் பாட்டில்

வியாழக்கிழமை காலை 10.20. மேஜை மேல் பதினோரு பாட்டில் தண்ணீர். பூங்குழலி முதல் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

வாணியம்பாடியில் ஒரு கல்லூரி, வேதியியல் மூன்றாம் ஆண்டு. மாதனூர் பக்கத்துக் கிணறுகள் எவ்வளவு உப்பாகிவிட்டன என்பதுதான் புராஜெக்ட். கூட்டாளி தௌசீப் அகமது. பைக் வைத்திருந்ததால் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தது அவன். ஹாஸ்டலில் இருந்த பூங்குழலிக்கு அளக்கிற வேலை.

“ஏழாம் நம்பர் மட்டும் வேணாம் குழலி,” என்றான் தௌசீப். “நாளைக்கு வேற எடுத்தாந்துர்றேன்.”

“ஏன், அதுக்கு இன்னா?”

“சும்மாதான்.”

ஏழாம் நம்பர் அவள் வீட்டுக் கிணறு. அதை எப்படி விடுவாள்?

முதல் வருஷம் முதல் வகுப்பில் முத்துமாரி மேடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, ஒரு விஷயம் உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று எழுதச் சொன்னார். ‘அளந்தால் தெரியும்’ என்று எழுதினாள் பூங்குழலி. மூன்று வருஷத்தில் அந்தப் பதிலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தோன்றியதில்லை.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மீட்டரை ஒவ்வொன்றிலும் முக்கினாள். ஆறாம் பாட்டில் 1,980. எட்டாம் பாட்டில் 2,065.

ஏழாம் பாட்டில் 54.

துடைத்து மறுபடி முக்கினாள். 54.

பக்கத்து மேஜை ஹேமந்த் எட்டிப் பார்த்தான். “உங்க வீட்டுக் கிணத்துல மினரல் வாட்டரா ஊறுது? மூடி போட்டு விக்கலாமே.”

லேப் முழுக்கச் சிரித்தது. பூங்குழலி சிரிக்கவில்லை. தௌசீப்பின் மாமா தோல் பதனிடும் ஷாப் வைத்திருக்கிறவர்; கிணறுகள் உப்பானதே அந்த ஷாப்களின் கழிவால்தான் என்று ஊரே சொல்லும். கணக்கு நேராகிவிட்டது அவளுக்கு.

“யாரு மாத்தச் சொன்னாங்க? உங்க மாமுவா?”

“அப்படியெல்லாம் இல்ல குழலி.”

“எங்கம்மா அந்தத் தண்ணில துணி தொவைச்சுத் தொவைச்சு கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. நீ ஒரு பாட்டில்ல கிணத்தையே சுத்தம் பண்ணிட்ட. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் வேணாங்கிற.”

சத்தம் கேட்டு முத்துமாரி மேடம் வந்தார். மீட்டரைப் பார்த்தார்.

“சேம்பிள மாத்துனது யாரு?”

தௌசீப் பூங்குழலியை ஒருமுறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“நான்தான் மேடம்.”

“எதுக்கு?”

அவன் மேஜை மேல் திறந்திருந்த நோட்டை மூடினான்.

“சேம்பிள மாத்துனவன் பேரு அறிக்கையில வராது. வேற தலைப்பு பாத்துக்கோ.”

மூன்று மாத உழைப்பு. நோட்டை எடுத்துக்கொண்டு தௌசீப் வெளியே போனான். பூங்குழலி எட்டாம் பாட்டிலின் எண்ணைக் குறித்துக்கொண்டாள். அளந்தாள், தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை சாயந்தரம் வீட்டில் இருந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார் அப்பா கோபி. ஷூ கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“டெஸ்ட்டு இன்னாம்மா ஆச்சு? மார்க் ஜாஸ்தி வந்துச்சா?”

“எந்த டெஸ்ட்டுப்பா?”

“தண்ணி டெஸ்ட்டுதான். தௌசீப் தம்பி வந்து வாங்கிட்டுப் போச்சே.”

“அது எனக்கு டெஸ்ட்டு இல்லப்பா. தண்ணிக்கு.”

“தண்ணி ஃபெயிலானா நீ பாஸாயிடுவியா?” கோபி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பொண்ணு மூணு வருஷம் படிச்சதுக்கு நம்ம உப்புத் தண்ணியவா குடுத்தனுப்புவேன்? கம்பெனிக்கு வெளிநாட்டுப் பார்ட்டி செக்கிங் வந்தா, நல்ல ஜோடியா பொறுக்கித்தான் மேல வெப்போம். அன்னிக்குன்னு பாத்து புதுக் கேன் வந்திருந்துச்சு. அதுலேர்ந்து ரொப்பிக் குடுத்தேன்.”

பூங்குழலி மூலையில் இருந்த தண்ணீர்க் கேனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ ரொப்புனத தௌசீப் பாத்தானா?”

“எதுக்கத்தான் நின்னுச்சு. வேணாம் அங்கிள், கிணத்துத் தண்ணியே குடுங்கன்னுச்சு. நான்தான் கேக்கல. குழலிகிட்ட சொல்லிடாத தம்பி, அது கூச்சப்படும்னு ரெண்டு வாட்டி சொல்லி அனுப்ச்சேன்.” அப்பாவுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது. “சொல்லிடுச்சா இன்னா?”

“இல்லப்பா,” என்றாள். “சொல்லல.”

திங்கட்கிழமை காலை லேப் திறக்குமுன் அவள் முத்துமாரி மேடம் அறையில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் தௌசீப்பைப் பிடித்தாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“ஹேமந்த் அங்கியே நின்னுட்டிருந்தான்,” என்றான் தௌசீப். “அப்புறம் வருஷம் பூரா உங்கப்பாவ வெச்சே சிரிச்சிருப்பான்.”

அவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். அடியில் லேசாகக் கலங்கியிருந்தது. “அப்பா குடுத்தாரு. கிணத்துலேர்ந்து அவரே எறைச்சது. நீ அள, நான் எழுதிக்கிறேன்.”

2025 மார்ச் 20 அன்று அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. அட்டையில் இரண்டு பெயர்கள்: தௌசீப் அகமது, பூங்குழலி. ஏழாம் பாட்டில், இரண்டாம் முறை: 2,140. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ‘முதல் முறை எடுத்தது செல்லாது. எதற்காகத் தண்ணீர் என்று கொடுத்தவரிடம் சொல்லாததும், என்ன நடந்தது என்று எடுத்து வந்தவரிடம் கேட்காததும் பூங்குழலியின் பிழைகள்.’