கீழ்த்தட்டு நாடகம்

மேல்தட்டா, கீழ்த்தட்டா?

அலமாரி முன் நின்று அவள் அண்ணாந்தும் குனிந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்தட்டு முழுக்கத் திறனாய்வு நூல்கள். தமிழ்ப் பேராசிரியரான அவள் கணவருக்கு அதுதான் உயிர். அதிலிருந்து எதையாவது எடுத்துவிட்டால் காபி ஆறும், சோறு ஆறும், பேச்சு நிற்காது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசுவார், இவள் கேட்பாள். நடுவில் வாய் திறந்தால், "இரு, முடிச்சிக்கிடுதேன்" என்பார். முடித்ததே இல்லை.

கீழ்த்தட்டில் பழைய நாடகங்களின் ஆய்வுப் பதிப்புகள். பக்கத்துக்கு நாலைந்து வரிதான் நாடகம். அதற்கடியில் பாடபேதமும் குறிப்புமாகப் பொடி எழுத்து. தூசு தட்டியதோடு சரி, அவள் திறந்து பார்த்ததில்லை.

போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஒருவழியாகத் தப்பித்தது. பேச்சுதான் போய்விட்டது.

தெரிந்த புத்தகமாகப் பார்த்துச் சத்தமாக வாசிக்க வையுங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள்.

நேற்று மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவரே எழுதிய நூல். அதைவிடத் தெரிந்தது எது? முதல் வாக்கியமே ஆறு வரி ஓடியது. பாவி மனுஷன், இப்படியா எழுதி வைப்பார்? இரண்டாவது சொல்லில் நாக்கு மாட்டிக்கொண்டது. முட்டி முட்டிப் பார்த்தார். புத்தகத்தை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

இன்றும் அப்படி ஆனால் இனி வாயே திறக்கமாட்டார். அவர் ரோஷம் அவளுக்குத் தெரியும்.

குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை உருவினாள்.

வரிகள் சின்னச் சின்னதாக இருந்தன. ஒருவர் பேசியதும் இன்னொருவர் பேசவேண்டியிருந்தது. அதற்குள் அவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். புத்தகத்தை இருவர் மடியிலும் படும்படி விரித்தாள். அரசனின் வரியை அவருக்குக் காட்டினாள். அரசி இவள்.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உதடு கோணியது.

"மழை... நின்... நின்றுவிட்டதா?"

முழு வரி.

அடுத்து அரசி பேச வேண்டும். கண்ணில் நீர் கட்டி, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அழுதால் தப்பாக எடுத்துக்கொள்வாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள்.

அவர் காத்திருந்தார்.

இத்தனை வருஷத்தில் அவள் பேசுவதற்காக அவர் காத்திருந்ததே இல்லை.

அவர் விரல் மெல்ல நகர்ந்து வந்து, அரசியின் வரிமேல் நின்றது.

பிறகு, அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ஏட்டி... ஒன்... மொற."