ஆரம்ப வகுப்பு

"வெறும் டால்னு சொன்னா போதாது சார். எவ்வளவு டால்? ஸ்லைட்லியா, ஃபேர்லியா, வெரியா?" என்றாள் டீச்சர்.

ஓய்வுபெற்ற தபால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பெரியவர்களுக்கான ஆங்கில ஆரம்ப வகுப்பில் அன்று கடைசிப் பரீட்சை. எதிரே இருப்பவர் இளவயதில் எப்படி இருந்திருப்பார் என்று ஊகித்து, எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேறியவர்களுக்குத் திங்கள்கிழமை முதல் மாடியில் அடுத்த நிலை வகுப்பு.

தபால்காரருக்கு ஜோடியாகத் தையல்கார அம்மா. அவர் வாசலோரம், அந்த அம்மா ஜன்னலோரம் உட்காருகிறவர்கள். இரண்டு பேருமே ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவர்கள். "உங்க வகுப்புல ரெண்டு பேரு வேர் விட்டுட்டாங்க போலிருக்கே" என்று பயிற்சி மையத்தின் முதலாளி டீச்சரிடம் குத்திக்காட்டியிருந்தார். இந்தத் தடவை எப்படியாவது அவர்களைக் கரையேற்றிவிட வேண்டும் என்று டீச்சருக்குத் தவிப்பு.

"ஷீ வாஸ் ஃபேர்லி டால்" என்றார் தபால்காரர். "ஹேர், வெரி லாங். வாய்ஸ், எக்ஸ்ட்ரீம்லி லவுட். ஷீ லாஃப், ஹோல் ஸ்ட்ரீட் டர்ன்."

வகுப்பே சிரித்தது. தையல்கார அம்மா சிரிக்கவில்லை. எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஹீ வாஸ் குவைட் ஒல்லி. ஸ்லைட்லி பயந்தாங்கொள்ளி. ஹேர், வெரி வெரி சுருட்டை."

எல்லார் பார்வையும் தபால்காரரின் வழுக்கைக்குப் போனது.

"இந்தத் தலையைப் பார்த்தா சுருட்டைன்னா தோணுது?" என்றாள் டீச்சர்.

"சும்மா ஒரு ஊகம்தான் டீச்சர். டெய்லி ஹீ வெயிட் பஸ் ஸ்டாப். ரெயின். நோ அம்பர்லா. டோட்டலி வெட். பட் ஹீ வெயிட்." கொஞ்சம் நிறுத்தினாள். "கம்ப்ளீட்லி ஃபூல்."

தபால்காரர் தலையைத் தடவியபடி தரையைப் பார்த்தார். டீச்சருக்குத் தன் கல்லூரிக் காலத்து பஸ் நிறுத்தம் ஞாபகம் வந்து மனசு கனத்தது. இலக்கணம் போனால் போகட்டும், இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

"ரெண்டு பேரும் பாஸ். திங்கள்கிழமை மாடிக்கு வந்துடுங்க."

இருவர் முகமும் விழுந்துவிட்டது. மற்றவர்கள் கலைந்த பிறகு, முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து வந்து டீச்சரின் மேஜை முன் நின்றார்கள்.

"ஃபெயில்னே போட்டுடுங்க டீச்சர்" என்றார் தபால்காரர். "இன்னைக்கு ஏதோ எங்களை மறந்து நல்லா சொல்லித் தொலைச்சிட்டோம்."

"என்ன சார் இது? எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

தையல்கார அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாங்க புருஷன் பொண்டாட்டி டீச்சர். வீட்டுல பேச்சுவார்த்தை நின்னு வருஷக்கணக்காச்சு. தமிழ்ல வாயைத் திறந்தா சண்டைதான். இங்க பேசிக்கிறது மட்டும்தான் எங்களுக்குப் பேச்சு."

"சண்டை போடற அளவுக்கு எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் இங்கிலீஷ் வரலை" என்றார் தபால்காரர். "மாடிக்கு அனுப்பினா அதையும் கத்துக்குவோம் டீச்சர்."