காவல் புரதம்

இமை திறக்கவில்லை. நாக்கும் விரலும் அசையவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

"பக்கவாதம் மாதிரிதான் தெரியுது. பொறுத்துப் பாப்போம்" என்றார் டாக்டர்.

"இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் இவ பேசாம இருக்கா." சிரிக்கப் பார்த்த என் கணவரின் குரல் உடைந்தது.

இது பக்கவாதம் இல்லை. நேற்று வேலை மும்முரத்தில் நான் தின்ற டின் காளானில் ஒரு கிருமியின் விஷம் இருந்திருக்கிறது. அந்த விஷத்தை வயிற்று அமிலம் அழித்துவிடாமல் பொத்திக் காப்பது ஒரு புரதம். அதன் வடிவத்தைக் கண்டறியவே பதினோரு வருடம் செலவழித்தவள் நான். மாற்றுமருந்தை இன்றே ஏற்றாவிட்டால் மூச்சும் நின்றுவிடும்.

என் ஆய்வகத்தின் உதவி விஞ்ஞானி உள்ளே வந்தார். அவருக்கு இந்த அறிகுறிகள் தலைகீழ்ப் பாடம். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு ஏதாவது தோணுதா?" டாக்டர் அவரிடம் கேட்டார்.

"உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது, டாக்டர்."

டாக்டரும் கணவரும் வெளியே போனதும் அவர் என் காதருகே குனிந்தார்.

"மேடம், குப்பைத்தொட்டில உங்க காளான் டின்னைப் பாத்தேன். மூடி உப்பியிருந்துச்சு. நம்ம புரதம் வேலையக் காட்டிடுச்சோன்னு சந்தேகம். சோதனைக்குப் போட்டிருக்கேன். முடிவு வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

என் கையை ஆதரவாகத் தட்டினார்.

"உறுதியாகாததப் பேசுறவனுக்கு என் லேப்ல இடமில்லன்னு சொன்னது நீங்கதானே, மேடம்?"