புதுச் செருப்புக்குக் காவல்

பழைய நகரம் ஒன்றின் சித்திர மண்டபத்தைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. செருப்பை டோக்கன் போட்டுக் கொடுக்க அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. "வளர்மதி, புதுசு. நீ இங்கேயே இருந்து பார்த்துக்கோ" என்று தன் தோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டார். அம்மா வெயிலில் உட்கார்ந்தாள். அவள் காலில் கிடந்த ரப்பர் செருப்புக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏன் இப்படி நெளிகிறாய்?" என்றது தோல் செருப்பு.

"காலையில் கோயில், மதியம் தர்கா. இரண்டிலும் அவளுக்கு வாசலோடு சரி. இந்தச் சித்திரங்களைப் பார்க்கத்தான் அவள் கிளம்பி வந்ததே. இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள்!"

"போகட்டுமே, யார் வேண்டாம் என்றது?"

"அப்புறம் உன்னை யார் பார்ப்பது?"

"அவள்தான். என் விலை என்ன தெரியுமா?"

"நீ வாயைத் திறந்தாலே பற்றிக்கொண்டு வருகிறது" என்ற ரப்பர் செருப்பு, அந்தப் பக்கமாக வந்த நாயைக் கூப்பிட்டது. "அண்ணே, புதுத் தோல். ஒரு கடி கடித்துப் பாருங்களேன்."

"வாசனையே தூக்குதே, தங்கச்சி!" என்ற நாய், ஜோடியில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது.

அம்மா பதறி எழுந்து கொஞ்ச தூரம் துரத்தினாள். பிறகு நின்று, மிச்சமிருந்த ஒன்றைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று தன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஐயோ, எனக்கு யார் காவல்?" என்று அலறியது தோல் செருப்பு.

"ஒற்றையை எவன் எடுப்பான்? நிம்மதியாகக் கிட" என்றது ரப்பர் செருப்பு.