ஏழாவது கேள்வி

"ஒங்க பொண்ணு என்ன செஞ்சிருக்கா, தெரியுமா?" என்றார் தலைமையாசிரியை.

சுருளி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கீழக்குயில்குடியில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொல்ல, காலில் சேறுகூடக் காயாமல் பஸ் ஏறி மதுரைக்கு வந்திருக்கிறான்.

"தெரியலையே டீச்சரம்மா."

"எப்படிச் சொல்றது..." அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சிவனாண்டி, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"எதையாச்சும் களவாண்டுட்டாளா?"

"களவாண்டிருந்தாக்கூடத் தேவலப்பா!" என்றார் சிவனாண்டி.

"பரீட்சையில பாத்து எழுதிட்டாளா?"

"கிளாஸ்ல முதல் மார்க்கே அவதான்" என்றார் தலைமையாசிரியை.

"பய எவனாச்சும்...?"

"சேச்சே! அதெல்லாம் இல்ல."

திருட்டு இல்லை, காப்பி இல்லை, காதலும் இல்லை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? சுருளிக்குப் பிடிபடவில்லை.

"பெறகு என்னதாங்க செஞ்சா?"

"அந்த விஷயம்..." தலைமையாசிரியையின் குரல் இறங்கியது.

"எந்த விஷயம்?"

"அதான்யா... அந்த விஷயம்!" சிவனாண்டி மேசையைத் தட்டினார். பேரன் பேத்தி எடுத்த மனுஷருக்கே அதற்குமேல் வாய் வரவில்லை.

கடைசியில், வாசலோரம் நின்ற மகள் அன்னக்கொடிதான் வாயைத் திறந்தாள். பத்தாம் வகுப்பு.

"நான் சொல்றேம்ப்பா. பிள்ளை எப்படி உண்டாகுதுன்னு எங்க கிளாஸ் பொண்ணுகளுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

சுருளியின் கை தானாக ஓங்கியது. ஆனால் அவள் கண்ணை மூடவில்லை.

"போன வருசம் எங்க கிளாஸ் தங்கப்பொண்ணு படிப்ப விட்டு நின்னால்லப்பா?"

"மஞ்சக்காமாலைன்னாக..."

"காமாலை இல்ல. அஞ்சு மாசம். அவளுக்கே தெரியல, வயித்துல ஏதோ கட்டின்னு நெனச்சுக்கிட்டிருந்தா. புஸ்தகத்துல அந்தப் பாடம் வந்தப்ப டீச்சர் 'வீட்ல போயிப் படிச்சுக்கங்க'ன்னுட்டாக. வீட்ல கேட்டா வெளக்கமாறு வருது. அதான் ஆளாளுக்குக் கேட்டத நோட்டுல எழுதி, ஆஸ்பத்திரி நர்சக்காகிட்ட வெவரம் கேட்டு, சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் வாசிச்சேன்."

"கேட்டீகளா பேச்ச!" சிவனாண்டி எழுந்துவிட்டார். "டி.சி.யக் கிழிச்சுக் குடுங்க. இல்லேன்னா ஒரு பய தன் வீட்டுப் பொண்ண இங்க அனுப்ப மாட்டான்."

ஓங்கிய கை எப்போது இறங்கியது என்று சுருளிக்கே தெரியாது. மகள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். அகப்படவில்லை. தப்பில்லை என்று நினைக்கவும் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுருங்க டீச்சரம்மா. படிப்ப மட்டும் நிப்பாட்டிராதீக."

தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து, தினத்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"முந்தாநாள் இவகிட்ட இருந்து பிடுங்கின நோட்டு. ஒரு பக்கம் விடாமப் படிச்சுட்டேன். கண்றாவி! வீட்டுக்குக் கொண்டுபோயி, இவ கையிலயே குடுத்து, அடுப்புல போடச் சொல்லுங்க."

"அப்படிச் சொல்லுங்க!" சிவனாண்டி திருப்தியாக மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அன்னக்கொடி உலையை வைத்து அடுப்பு மூட்டினாள். சுருளி பொட்டலத்தை நீட்டப்போனவன் நிறுத்தினான். அம்புட்டுப் பெரிய மனுஷர்கள் வாயில் வராததை இந்தச் சின்னக் கழுதை அப்படி என்னதான் எழுதியிருக்கும்?

நூலை அறுத்தான். எட்டாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டி வாசித்தான்.

'ஆண் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் கர்ப்பம் ஆகுமா? ஆகாது.'

பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி போட்டிருந்தது.

'மாதாமாதம் வருவது நோயா? நோய் இல்லை.'

அதற்கும் ஒரு சரி. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை, பரீட்சைப் பேப்பர் திருத்தினதுபோல.

ஏழாவது கேள்வியில் மட்டும் சரியைக் காணோம். 'ஒரே ஒரு தடவை என்றால் கர்ப்பம் ஆகாதுதானே? நர்சக்காவிடம் இதைக் கேட்க விட்டுப்போனது. ஆகாது என்று நினைக்கிறேன்.'

அந்தப் பதிலை அடித்துவிட்டு, கீழே தலைமையாசிரியை எழுதியிருந்தார்:

'தவறு. ஒரு தடவையிலும் ஆகலாம். திங்கட்கிழமையே எல்லோரிடமும் திருத்திச் சொல்லிவிடு. தையல் ரூமைத் திறந்துவைக்கிறேன், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.'