இரண்டாவது தோட்டா

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது வெடிக்கவில்லை.

கடைக்குப் பின்னால், அறுவடை முடிந்த நெல்வயலின் வரப்பைக் குறிபார்த்து நின்ற மார்லா, விசையை மறுபடி அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. காலி உறை பாதி வெளியே வந்து, கதவிடுக்கில் மாட்டிய விரல் போலச் சிக்கி நின்றது.

அவள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

பின்னால் வெண்டல் மட்டும்தான் நின்றிருந்தார். அந்த வட்டாரத்துக்கே துப்பாக்கி பழுதுபார்ப்பவர். அந்தப் பார்வை அவரை என்னவோ செய்தது.

அது அவளுடைய அப்பாவின் துப்பாக்கி. வாத்து சுடுவதற்கென்றே நீளக் குழல் வைத்தது. வாத்து வேட்டைக்குப் பேர்போன அமெரிக்க மாநிலம் ஆர்கன்சாவில் அப்படிப்பட்ட குழலை வெட்டச் சொன்னால் மனைவியை விற்கச் சொன்னது போல முறைப்பார்கள். ஆனால் மார்லா இருப்பது நீளத் தகரப் பெட்டி மாதிரியான ட்ரெய்லர் வீடு. அதன் நடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். நீளக் குழல் வாசல் பக்கம் திரும்புவதற்குள் சுவரில் இடிக்கிறது.

"வெள்ளிக்கிழமை டஸ்டினை ஜெயில்லேர்ந்து விட்டுடுறாங்க," என்றுதான் போன வாரம் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "வெளிய வந்ததும் நேரா எங்கிட்டதான் வருவானாம். ஆள் விட்டுச் சொல்லியிருக்கான்."

அவளைக் கட்டியவன்தான் டஸ்டின்; அவன் அவள் பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட்டில் தாள் கொடுத்திருக்கிறார்கள். போன தடவையும் கொடுத்தார்கள். போன தடவைக்குப் பிறகு அவளுடைய இடது முழங்கை முழுசாக நீளுவதில்லை. ஷெரிஃப் ஆபீஸில் கேட்டால், ஒரு போன் போடு, ஓடி வருகிறோம் என்கிறார்கள். அவர்கள் ஓடி வர அரை மணி நேரம் ஆகும்.

குழலை வெட்டுவது பெரிய வித்தை இல்லை. ரம்பம் இருந்தால் எந்த முட்டாளும் வெட்டலாம். ஆனால் இது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். வெடித்த புகையின் உந்துதலில்தான் அதற்கு உயிர். குழல் குட்டையானால் அதற்கு மூச்சு போதாது. காலி உறையைத் துப்பத் தெம்பில்லாமல் நின்றுவிடும். அந்த மூச்சைத் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. வெண்டலுக்கு அது தண்ணி பட்ட பாடு.

"தோள்ல நல்லா அழுத்திப் பிடிம்மா. தளர்வாப் பிடிச்சா இப்படித்தான் சிக்கும்."

"அவன் கதவை உடைச்சுக்கிட்டு வர்றப்ப நான் நல்லா அழுத்திப் பிடிப்பேன்னு நினைக்கிறீங்களா?"

வெண்டல் கையை நீட்டித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் குடு."

உள்ளே போனவர் எதையும் தேடவில்லை. என்ன குறை என்று அவருக்குத் தெரியும். மற்றதெல்லாம் முடிந்திருந்தது. வெட்டிய வாயை ராவி வழவழப்பாக்கியிருந்தார். குழல் இதற்குக் குறையக்கூடாது என்று சட்டம் சொல்லும் அளவுக்குக் கொஞ்சம் கூடவே விட்டிருந்தார். மூச்சைத் திருப்பிக் கொடுக்கும் அந்த ஒரு வேலை மட்டும் பாக்கி. மறந்துபோய் விட்டதல்ல. கருவியை எடுப்பதும் வைப்பதுமாகவே வாரம் போய்விட்டது.

ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல், முகம் சாலைப் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு நெல் லாரி வந்தது. எழுந்து நின்றாள். அது தாண்டிப் போன பிறகு உட்கார்ந்தாள்.

வெண்டல் கருவியை எடுத்தார். வேலை ஒரு இடத்தில்கூடப் பிசகாமல் சுத்தமாக முடிந்தது. அதுவே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

முதலில் அவரே சுட்டுப் பார்த்தார். இருப்பதிலேயே மட்டமான, வேகம் குறைந்த தோட்டாக்களைப் போட்டார். பயந்தவள் எப்படிப் பிடிப்பாளோ அப்படி, தோளில் பட்டும் படாமலும் பிடித்துச் சுட்டார். உறைகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் விழுந்தன. மறுபடி நிரப்பிச் சுட்டார். இனி இது யாரையும் கைவிடாது என்று தெரிந்தது.

பிறகு மார்லா சுட்டாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"இப்ப நம்பலாமா?"

"நம்பலாம்."

அவள் துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அந்த மடங்கிய கையோடு அவரைக் கட்டிக்கொண்டாள். வெண்டல் மரம் மாதிரி நின்றார்.

"என்னை மன்னிச்சிருங்க," என்றாள்.

"நீ எதுக்கும்மா? பாத்துப் போ."

வண்டி சாலையில் ஏறி மறைந்தது. கடைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி லோரீன்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை ஜெயில் வாசலுக்கு நானும் வரேன். அவன் ரூமைக் கூட்டிப் பெருக்கிப் புதுப் போர்வை விரிச்சிட்டேன். கெளுத்தி மீன் வாங்கட்டுமா? பொரிச்சு வச்சா சட்டியோட தின்பானே நம்ம டஸ்டின்."

"வாங்கு."

"மார்லாகிட்டயும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன். மாமனார் நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேப்பா."

"இப்பதான் வந்துட்டுப் போறா," என்றார் வெண்டல்.